சுவரைத் தள்ளுகிறதா, சுவருக்குள் நுழைந்துவிட்டதா?

கடிதம், சுருக்கமாக

அப்பாவுக்கு 62 வயது. 30 ஆண்டுகள் பீடி பிடித்தவர். 4 ஆண்டுகளுக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்த நாளோடு விட்டுவிட்டார். 3 மாதமாக இருமல், சளியில் கீற்றுக் கீற்றாக ரத்தம். காசநோயாக இருக்கும் என்று ஒரு மாதம் அலைந்த பிறகு எடுத்த சி.டி.யில் வலது நுரையீரலின் மேல் மடலில் 3.6 செ.மீ. கட்டி தெரிந்தது. பிராங்கோஸ்கோப்பி செய்து (மூச்சுக்குழாய்க்குள் மெல்லிய கருவியை விட்டு) சதை எடுத்துப் பார்த்ததில் ஸ்குவாமஸ் செல் என்ற வகை நுரையீரல் புற்று என்று உறுதியானது. புற்று உள்ள இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில் வேறு உறுப்புகளில் எதுவும் இல்லை. மூச்சுக்குழாயின் வலது ஓரத்தில் ஒரு நிணநீர் முடிச்சு மட்டும் லேசாக ஒளிர்கிறது.

சி.டி. அறிக்கையின் கடைசி வரிதான் வீட்டையே உலுக்கிவிட்டது: "வலது முதன்மைக் கிளைக்குழாயின் சுவர் தடித்துள்ளது, கவையிலிருந்து 1.6 செ.மீ. தூரத்தில். மேலே பரவியிருப்பதை மறுக்க இயலாது. டி4?" முதலில் பார்த்த அறுவை மருத்துவர் வலது நுரையீரல் முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கலாம் என்கிறார். இரண்டாவது மருத்துவமனையில், அல்ட்ராசவுண்ட் பொருத்திய கருவியோடு மறுபடி பிராங்கோஸ்கோப்பி செய்த பிறகே முடிவு சொல்வோம் என்கிறார்கள். "நான்காம் நிலை வந்துவிட்டது, இனி ஏன் அவரைப் படுத்த வேண்டும்?" என்கிறார் சித்தப்பா. "ஏற்கெனவே சதை எடுத்தாயிற்று, குத்தக் குத்தப் பரவாதா?" என்கிறார் அம்மா. அப்பாவிடம் 'சளிக்கட்டி' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்கிறார் மகள்.

பதில்

அன்புள்ள மகளுக்கு,

அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசைப்படி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அது பெரிய உதவி. முதலில் சித்தப்பாவின் கவலையை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதிலிருந்துதான் மற்றக் குழப்பங்கள் எல்லாம் கிளம்புகின்றன.

அறிக்கையில் உள்ள 'டி4' நான்காம் நிலையைக் குறிப்பதில்லை. புற்றின் நிலையைக் கணக்கிட மூன்று எழுத்துகள் வேண்டும். 'டி' என்பது கட்டியின் அளவும் அது பக்கத்தில் எதைத் தொட்டிருக்கிறது என்பதும். 'என்' என்பது நிணநீர் முடிச்சுகள். 'எம்' என்பது தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவல். மூன்றையும் சேர்த்த பிறகுதான் நிலை வரும். நான்காம் நிலை என்று சொல்ல வேண்டுமானால் 'எம்' இருந்தாக வேண்டும்: கல்லீரல், எலும்பு, மூளை, மறுபக்க நுரையீரல், நுரையீரலைச் சுற்றிய நீர் என்று எங்காவது. அப்பாவின் பெட் ஸ்கேனில் அப்படி எதுவும் இல்லை. நிணநீர் முடிச்சில் பரவல் இல்லாத டி4 கட்டி மூன்றாம் நிலையின் தொடக்கப் பிரிவில்தான் வருகிறது. அந்த டி4க்குப் பக்கத்திலும் ஒரு கேள்விக்குறி இருக்கிறது, கவனித்தீர்களா? படம் பார்த்த மருத்துவர் 'இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது, நேரில் பாருங்கள்' என்று உங்களுக்கு எழுதிய குறிப்பு அது.

இந்தக் கேள்விக்குறியை எடுக்கத்தான் இரண்டாவது மருத்துவமனை மறுபடி பார்க்கலாம் என்கிறது. என் கருத்தும் அதுவே. அந்தப் பரிசோதனை செய்யாமல் முழு நுரையீரலை எடுக்கவும் சம்மதிக்காதீர்கள், அறுவையே முடியாது என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள்.

சுவர் என்றால் எந்தச் சுவர்?

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழாய் நெஞ்சின் நடுவே கவட்டைபோல் இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவைத்தான் அறிக்கை 'கவை' என்கிறது. வலது பக்கக் கிளை குட்டையானது. ஏறக்குறைய 2 முதல் 2.5 செ.மீ. போனதுமே மேல் மடலுக்கான குழாய் பிரிந்துவிடும். இடது பக்கம் 5 செ.மீ. வரை நீளம் உண்டு. அப்பாவின் கட்டி இருப்பது வலது மேல் மடலில். அதனால்தான் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் விலை இருக்கிறது.

இந்தக் குழாயின் சுவர் வாழைத்தண்டுப் பட்டைபோல அடுக்கடுக்கானது. உள்ளே ஈரமான சளிப்படலம், அதன் கீழ் தசையும் சுரப்பிகளும் நுண்ணிய நிணநீர்க் குழல்களும், அதற்கு வெளியே லாடம்போல் வளைந்த குருத்தெலும்பு, எல்லாவற்றையும் சுற்றி ஒரு தளர்வான உறை. புற்று இந்தச் சுவருக்குள் மூன்று வழிகளில் வரலாம். சளிப்படலத்தின் மேலேயே பாசிபோல் படர்ந்து நகரலாம்; ஸ்குவாமஸ் வகை இப்படிப் போவது அதிகம். படலத்துக்கு அடியில் நிணநீர்க் குழல்கள் வழியே ஊர்ந்து போகலாம். அப்போது மேலே பார்த்தால் படலம் பளபளப்பாகவே இருக்கும். கட்டியோ வீங்கிய முடிச்சோ வெளியிலிருந்து வந்து உறையையும் குருத்தெலும்பையும் துளைக்கலாம். இவை தவிர நான்காவதாக ஒன்று உண்டு. அதில் புற்று சுவருக்குள் நுழைந்திருக்காது, வெளியிலிருந்து அழுத்திக்கொண்டு மட்டும் இருக்கும்.

இந்த நான்கும் சி.டி. படத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி, 'தடித்த சுவர்' என்றே தெரியும்.

சி.டி. சொன்னதை எவ்வளவு நம்பலாம்?

கட்டியின் அளவு, இடம், பெரிய ரத்தக்குழாய்களோடு அதன் உறவு ஆகியவற்றுக்கு சி.டி. மிக நல்ல கருவி. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி 1 மி.மீ. இடைவெளியில் எடுத்து, குறுக்குவாட்டில் மட்டுமல்லாமல் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் பிரித்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அப்பாவுக்கு எடுத்த படத்தில் தகடுகள், அதாவது ஒவ்வொரு வெட்டுப் படத்தின் தடிமன், 5 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கருவி மெல்லிய தகடுகளாகவே எடுத்திருக்கும், அச்சிட்ட ஃபிலிமில்தான் 5 மி.மீ. வைத்திருப்பார்கள். ஸ்கேன் மையத்தில் மூலப் படங்களைக் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து மெல்லிய தகடுகளைத் திரும்ப உருவாக்க முடியும், மறுபடி ஸ்கேன் வேண்டியதில்லை. தாமதிக்காதீர்கள், பல மையங்கள் மூலத் தரவைச் சில நாட்களில் அழித்துவிடும்.

ஆனால் சுவரைத் தள்ளுகிறதா, துளைத்திருக்கிறதா என்ற கேள்வியில் சி.டி. தடுமாறும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. அறுவைக்குப் போன 105 பேரில், அறுத்துப் பார்த்த உண்மையோடு ஒப்பிட்டபோது சி.டி. சொன்னது 51 சதவீதம்தான் சரியாக இருந்தது. குழாய்க்குள்ளிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்ட் 94 சதவீதம் சரியாகச் சொன்னது. சி.டி.யின் பிழை பெரும்பாலும் ஒரே திசையில் இருந்தது: துளைக்காததையும் துளைத்ததாகச் சொல்லிவிடும். இன்றைய ஸ்கேன் கருவிகள் அன்றையவற்றைவிட நுட்பமானவை. ஆனாலும் வீக்கம், தேங்கிய சளி, பயாப்ஸிக்காகச் சதை எடுத்த இடத்துப் புண் எல்லாம் புற்றைப் போலவே தடித்துத் தெரிவது மாறவில்லை. உங்கள் கடிதப்படி அப்பாவின் சி.டி. பயாப்ஸிக்கு முன் எடுத்தது; இருந்தாலும் தேதியைச் சரிபாருங்கள். பின் எடுத்ததென்றால் அந்தத் தடிப்பின் ஒரு பகுதி வெறும் புண்ணாகக்கூட இருக்கலாம்.

பெட் ஸ்கேனையும் இந்தக் கேள்விக்கு நம்ப முடியாது. சில மில்லிமீட்டர் தடிப்பில் மெல்லியதாகப் படர்ந்த புற்று அதில் ஒளிராமலே போகலாம். காசநோய்த் தழும்பு உள்ள முடிச்சு நன்றாக ஒளிர்ந்து ஏமாற்றலாம். நம் ஊரில் இரண்டாவது நிலைமை மிகவும் சாதாரணம்.

இன்னொரு திருத்தம். 'கவையிலிருந்து 2 செ.மீ.க்குள் வந்துவிட்டதால் டி3' என்று உறவினர் ஒருவர் இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய விதி. புற்றின் நிலையைக் கணக்கிடும் விதிகளின், 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலேயே அதை நீக்கிவிட்டார்கள். 2025 முதல் நடைமுறையில் உள்ள ஒன்பதாம் பதிப்பிலும் அப்படியே. இப்போது முதன்மைக் கிளைக்குழாய் எவ்வளவு தூரம் பாதிக்கப்பட்டாலும், கவையைத் தொடாதவரை, அந்தக் காரணத்தால் மட்டும் அது டி2தான். கவையையோ மூச்சுக்குழாயையோ தொட்டால் டி4. அதாவது அப்பாவின் கட்டி டி2ஆ டி4ஆ என்பது அந்த 1.6 செ.மீ. நீளத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏற்கெனவே எடுத்தாயிற்றே, மறுபடி எதற்கு?

முதல் பிராங்கோஸ்கோப்பியின் வேலை, இது என்ன நோய் என்று கண்டுபிடிப்பது. கண்ணில் பட்ட கட்டியில் நாலைந்து துண்டு எடுத்தார்கள், பதில் கிடைத்தது. இரண்டாவதின் வேலை எல்லை போடுவது. நிலம் அளக்கப் போகும் சர்வேயர் நிலத்தின் நடுவில் நின்றால் ஆகாது, வரப்பு வரப்பாகப் போக வேண்டும்.

அதனால் இந்த முறை என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிராங்கோஸ்கோப்பிக் கருவியின் முனையைக் கட்டியின் மேல் விளிம்பில் வைத்து, வாயருகே கருவியை விரலால் பிடித்து அடையாளம் வைப்பார்கள். பிறகு முனை கவைக்கு வரும்வரை வெளியே இழுத்து, விரல் நகர்ந்த தூரத்தை அளப்பார்கள். கவையிலிருந்து புற்றின் நேரடி தூரம் அதுதான். சளிப்படலத்தில் நீளவாக்கில் ஓடும் மடிப்புகள் ஓரிடத்தில் மறைகின்றனவா, படலம் பளபளப்பு இழந்து சிவந்திருக்கிறதா, நுண்குழல்கள் முறுக்கிக்கொண்டு தெரிகின்றனவா, கூர்மையாக இருக்க வேண்டிய கவை மழுங்கி அகன்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீலப் பச்சை ஒளியில் ரத்தக்குழல்களைத் தூக்கிக்காட்டும் வசதி பல கருவிகளில் இப்போது இருக்கிறது. 30 ஆண்டு பீடிப் புகை பட்ட குழாயில் கட்டிக்குத் தொடர்பில்லாத வேறோர் இடத்திலும் தொடக்கநிலை மாற்றம் இருக்கலாம் என்பதால் அந்த ஒளியில் ஒரு சுற்றுப் பார்ப்பது பயனுள்ளது.

பிறகு சதை எடுப்பு. குறைந்தது நான்கு இடம்: கவை, முதன்மைக் கிளைக்குழாயின் நடுச்சுவர், மேல் மடல் குழாய் பிரியும் மூலை, அதற்குக் கீழே நடு, கீழ் மடல்களுக்குப் போகும் குழாயின் வாய். கடைசி இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே மட்டும் பார்த்துக் கீழே பாராமல் அறுவைக்குப் போனால், மேல் மடலை எடுத்து மிச்சத்தை ஒட்டலாம் என்ற திட்டம் மேசையிலேயே கவிழும். வரிசையும் முக்கியம். நன்றாகத் தோன்றும் இடத்தில் முதலில், கட்டிக்கு அருகே கடைசியில். மாற்றிச் செய்தால் இடுக்கியில் ஒட்டிய புற்றுச் செல் நல்ல இடத்தின் மாதிரியில் கலந்து, இல்லாத பரவலை இருப்பதாகக் காட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் புட்டி, தனி லேபிள். எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் புட்டியில் போட்டால் இந்த முழு முயற்சியும் வீண்.

இடுக்கி எடுக்கும் துண்டு 1, 2 மில்லிமீட்டர் ஆழம்தான். படலத்துக்கு அடியில் ஊரும் புற்றை அது தவறவிடலாம். எனவே 'புற்று இல்லை' என்று வரும் மேலோட்டமான துண்டு ஒன்றை வைத்து மட்டும் நிம்மதியடைய முடியாது. சந்தேகமான இடத்தில் ஊசியைச் சுவருக்குள் செலுத்தியும் மாதிரி எடுப்பார்கள். அல்ட்ராசவுண்ட் இங்கேதான் கைகொடுக்கிறது.

குழாய்க்குள்ளிருந்து அல்ட்ராசவுண்ட்

இதை ஈபஸ் என்பார்கள். அந்த ஒரே பெயரில் இரண்டு கருவிகளைச் சொல்கிறார்கள். எது செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள்.

ஒன்று, சுற்றிச் சுழன்று பார்க்கும் மெல்லிய கம்பி வகை, 20 மெகாஹெர்ட்ஸ். முனையில் சிறு பலூன் இருக்கும். காற்று அல்ட்ராசவுண்டை உடைத்துவிடும் என்பதால் பலூனில் நீர் நிரப்பிச் சுவரோடு ஒட்டவைத்துப் பார்ப்பார்கள். திரையில் சுவர் ஐந்து வளையங்களாகத் தெரியும்: வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நான்காவதான கறுப்பு வளையம்தான் குருத்தெலும்பு. கட்டி அதற்கு வெளியே நிற்க, வெளி வெள்ளைக் கோடு அறுபடாமல் ஓடினால் வெறும் தள்ளல். கோடு அறுந்து கட்டியின் சாம்பல் நிறம் உள்ளே கலந்திருந்தால் துளைத்துவிட்டது. கட்டி உட்பக்கம் இருந்து குருத்தெலும்பு வளையம் முழுதாக இருந்தால் மேலோட்டமான படர்வு. குழாயின் பின்சுவரில் குருத்தெலும்பு கிடையாது. அங்கே மூன்று வளையம்தான் தெரியும். பலூன் சாய்ந்திருந்தால் நல்ல சுவரும் தடித்ததாகத் தெரியும், ஆகவே பழகிய கை வேண்டும். பலூன் ஊதும் சில நொடிகள் அந்தப் பக்கக் குழாய் அடைபடும் என்பதால் ஆக்சிஜன் அளவைக் கண்காணித்துக்கொண்டே செய்வார்கள்.

இரண்டாவது, ஊசி வைத்த வகை. பல மருத்துவமனைகளில் இருப்பது இதுதான். இதில் சுவரின் அடுக்குகள் முதல் வகை அளவுக்குத் துல்லியமாகத் தெரியாது. ஆனால் சுவருக்கு வெளியே இருக்கும் நிணநீர் முடிச்சைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியால் எடுக்கலாம். அப்பாவுக்கு இது கட்டாயம் வேண்டும். ஒளிர்ந்த முடிச்சு, மருத்துவர்கள் '4ஆர்' என்று குறிக்கும் மூச்சுக்குழாயின் வலது ஓரத்து இடத்தில் இருக்கிறது. அதில் புற்று இருந்தால் சிகிச்சையின் வரிசையே மாறும். மறுபக்க முடிச்சுகளை முதலில், பிறகு நடு, கடைசியில் கட்டிக்கு அருகே என்ற அதே ஒழுங்கில்தான் இங்கும் ஊசி போட வேண்டும். காசநோய் சந்தேகம் முன்பே இருந்ததால் முடிச்சு மாதிரியில் ஒரு பங்கை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்ட மாதிரி இந்தச் சோதனைக்கு ஏற்றதல்ல.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். குத்தினால் பரவும் என்று அவர் நினைப்பதற்குக் காரணம் இருக்கும்: பயாப்ஸிக்குப் பிறகு மோசமானவர்களை அக்கம்பக்கத்தில் பார்த்திருப்பார். பெரும்பாலும் நடந்தது, பயாப்ஸி முடிந்து சிகிச்சை தொடங்காமல் மாதக்கணக்கில் வைத்தியம் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் நோய் தன் போக்கில் வளர்ந்ததுதான். மூச்சுக்குழாய் வழியே ஊசி போட்டதால் அந்தத் தடத்தில் புற்று முளைப்பது மிக மிக அரிது. எல்லை தெரியாமல் அறுப்பதில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது. இதை அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

அறுவையில் இது என்ன மாற்றும்?

வலது முதன்மைக் கிளைக்குழாயின் மேல்பகுதி சுத்தமாக இருந்தால், மேல் மடலோடு குழாயின் பாதித்த வளையத்தை வெட்டியெடுத்து, மேல்முனையையும் கீழ்முனையையும் சேர்த்துத் தைத்துவிடலாம். சட்டைக் கையை நடுவில் வெட்டி இணைப்பது மாதிரி என்பதால் இதை ஸ்லீவ் அறுவை என்பார்கள். குழாய் வளையத்தை இப்படி வெட்டி இணைப்பதை 1947இல் லண்டனில் பிரைஸ் தாமஸ் என்ற அறுவை மருத்துவர் முதலில் செய்தார். இன்று வலது மேல் மடலுக்குத்தான் இது அதிகம் செய்யப்படுகிறது. நடு மடலும் கீழ் மடலும் அப்பாவிடமே இருக்கும்.

அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை நீங்கள் அனுப்பிய ஊதும் பரிசோதனை எண்களை வைத்தே பார்ப்போம். இரு நுரையீரலிலும் சேர்த்து 19 பகுதிகள்: வலது மேல் மடல் 3, நடு 2, கீழ் 5, இடது மேல் 5, இடது கீழ் 4. முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவான எஃப்.இ.வி.1 அப்பாவுக்கு இயல்பில் 68 சதவீதம், ஆக்சிஜன் கடத்தும் திறனான டி.எல்.சி.ஓ. 64 சதவீதம்.

ஸ்லீவ் செய்தால் மீதம் 16 பகுதி. 68ஐ 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் 57. டி.எல்.சி.ஓ. 54.

வலது நுரையீரல் முழுவதும் போனால் மீதம் 9 பகுதி. 68 என்பது 32 ஆகும். டி.எல்.சி.ஓ. 30.

60க்கு மேல் இருந்தால் கவலை குறைவு. 30க்கும் 60க்கும் இடையில் என்றால் படியேற்றச் சோதனையோ நடைச் சோதனையோ வைப்பார்கள். 30க்குக் கீழே போனால் மிதிவண்டிச் சோதனையில் உடல் எவ்வளவு ஆக்சிஜன் பயன்படுத்துகிறது என்று அளக்காமல் மேசையில் ஏற்றக் கூடாது. அப்பாவின் எண் முழு நீக்கத்தில் அந்த விளிம்பிலேயே நிற்கிறது. கணக்கு இவ்வளவு நேரானதுமல்ல. கட்டி மேல் மடலை ஏற்கெனவே பாதி அடைத்திருப்பதால் அந்த 3 பகுதிகள் இப்போதே சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். அப்படியானால் உண்மையான இழப்பு நான் எழுதியதைவிடக் குறையும். முழு நீக்கம் என்ற பேச்சு வந்தால், எந்த நுரையீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று அளக்கும் பெர்ஃப்யூஷன் ஸ்கேன் செய்தீர்களா என்று கேளுங்கள்.

முழு நீக்கத்தில் வலது பக்கம் இடதைவிட ஆபத்தானது. ரத்தத்தில் பாதிக்கும் மேல் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அத்தனையும் ஒரே நுரையீரலுக்குள் பாய வேண்டும். தைத்து மூடிய குழாய் முனையும் வலது பக்கத்தில் சுற்றுத்திசுப் போர்வை இல்லாமல் நிற்பதால் தையல் விட்டுக் காற்று கசியும் வாய்ப்பு அதிகம். ஸ்டென்ட் வைத்த இதயம் உள்ளவருக்கு இதை இருமுறை யோசிக்க வேண்டும். ஸ்லீவும் எளிதான வேலை இல்லை. ஒட்டிய இடம் சுருங்கலாம், சளி அடைக்கலாம், அறுவைக்குப் பின் மறுபடி பிராங்கோஸ்கோப்பி தேவைப்படலாம். இந்த அறுவையை வாடிக்கையாகச் செய்யும் குழுவிடம்தான் போக வேண்டும்.

அறுவையின்போது வெட்டு விளிம்பை உறைய வைத்து அங்கேயே நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டியிலிருந்து 1.5 செ.மீ. தள்ளி வெட்டுவது விரும்பத்தக்கது. அப்பாவுக்கு அவ்வளவு இடம் கிடைக்காமல் போகலாம். உறைபரிசோதனையில் விளிம்பு சுத்தம் என்று வந்தால் அதைவிடக் குறைந்த தூரத்தையும் ஏற்பார்கள். விளிம்பில் புற்று தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுவதா, முழு நுரையீரலையும் எடுப்பதா, நிறுத்திவிட்டுக் கதிர்வீச்சுக்குப் போவதா என்பதை அப்பாவோடு முன்பே பேசி முடிவு செய்து சம்மதப் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும். இதில் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. அப்பா மயக்கத்தில் இருக்கும்போது தியேட்டர் வாசலில் உங்களிடம் வந்து கேட்கும் நிலைமை வரக் கூடாது.

கவையைத் தொட்டிருந்தால்? முடிச்சில் புற்று இருந்தால்?

கதவு அடைபடாது. கவையையும் சேர்த்து வெட்டி ஒட்டும் அறுவை மிகச் சில இடங்களில் செய்கிறார்கள். அப்பாவின் இதயத்தை வைத்துப் பார்த்தால் நான் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். முடிச்சில் புற்று என்று உறுதியானால், முதலில் கீமோவும், புற்றுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரப்பியும் 3 அல்லது 4 சுற்றுக் கொடுத்து, கட்டி சுருங்கிய பிறகு அறுவை என்பது ஒரு வழி. கீமோவோடு சேர்த்து 6 வாரத்தில் 30 தவணையாக மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) கதிர்வீச்சு, அதன் பிறகு ஓராண்டு இம்யூனோதெரப்பி என்பது இன்னொரு வழி. இரண்டுமே குணமாக்கும் நோக்கத்தோடு கொடுப்பவை. முதல் வழியில் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: மருந்துக்குப் பிறகு சுவர் தழும்பாகித் தடிக்கும், அப்போது எல்லையை அளப்பது இன்னும் கடினம். ஆகவே அளக்க வேண்டியதை மருந்து தொடங்குமுன் அளந்து, புகைப்படங்களோடு அறிக்கையில் பதிய வைக்க வேண்டும். அறுவை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், புற்றுநோய் மருந்து மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் அப்பாவின் கோப்பை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

இந்த வேலைகள் அனைத்தும் இரண்டு மூன்று வாரத்துக்குள் முடியக்கூடியவை. அந்த அளவு காத்திருப்பதால் கெடுதல் இல்லை, மாதங்களாக இழுத்தால்தான் கெடுதல். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், நாள் குறிப்பதற்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எந்தெந்தச் சோதனை அதில் அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்

அப்பா ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். சதை எடுக்கும்போது ரத்தக்கசிவை அதிகமாக்குவது க்ளோபிடோக்ரெல்தான். வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவார்கள், ஆஸ்பிரினைத் தொடர்வார்கள். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே நிறுத்த வேண்டும், எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். முதல் பயாப்ஸியின் மெழுகுக் கட்டைகளையும் கண்ணாடித் தகடுகளையும் ஆய்வகத்திலிருந்து வாங்கி எடுத்துச் செல்லுங்கள்.

அன்று 6 மணி நேரம் உணவு இல்லை, தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. முடிந்த பிறகும் தொண்டை மரத்திருக்கும். 2 மணி நேரம் கழித்து ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து, புரையேறாமல் விழுங்கினால் மட்டும் உணவு. ஓரிரு நாள் சளியில் ரத்தக் கீற்று வருவது இயல்பு. கை நிறையச் சிவப்பாக வந்தாலோ, நெஞ்சு வலியோடு மூச்சு திணறினாலோ, மறுநாளுக்கு மேலும் காய்ச்சல் நீடித்தாலோ வீட்டில் காத்திருக்காமல் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அப்பாவிடம் பேச வேண்டும். 'சளிக்கட்டி'க்கு எதற்கு இரண்டாவது முறை குழாய், எதற்கு நுரையீரலை எடுக்கும் பேச்சு என்று அவர் கேட்காமல் இருக்க மாட்டார். ஒருவேளை தெரிந்துகொண்டே உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறாரோ என்னவோ. படியேறும் சோதனையில் மூச்சு வாங்க ஏறப்போவதும், ஒரு நுரையீரலோடு வாழப்போவதும், கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "அப்பா, அந்தக் கட்டி பற்றி டாக்டர் இன்னும் கொஞ்சம் சொன்னார், சொல்லட்டுமா?" என்று ஆரம்பியுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே காட்டுவார். உங்களால் முடியவில்லை என்றால் நுரையீரல் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அவர் சொல்லும்போது அப்பாவின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருங்கள்.